ஆஃப் செய்யாத மாப்பிள்ளை வண்டி

நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கு ஒரு கேடும் வராது என்று நம்புகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். பள்ளிக்கூட வாசலிலும் பேக்கரி வாசலிலும் காரை ஓரங்கட்டி, ஏசியைப் போட்டுக்கொண்டு, இன்ஜினை ஓடவிட்டபடி செல்போனைத் தடவிக்கொண்டிருப்பார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண்ணாடியைத் தட்டி, "உங்க வீட்ல இன்னிக்குக் கல்யாணம் ஏதாவது இருக்குதுங்களா?" என்று கேட்கத் துடிக்கும். கேட்டதில்லை. கேட்டால் முழுக்கதையும் சொல்ல வேண்டிவரும். பரவாயில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு பெண்கள். ரேவதி அக்கா அழகு, பொறுமை, அடக்கம். மிச்சம் மீதி இருந்ததெல்லாம் திவ்யாவாகிய நான். நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, திருத்தணி ஸ்டேஷன் பக்கம் பெயிண்ட் கடை. வீட்டில் ஆண்பிள்ளை இல்லையே என்ற கவலை எங்கள் நான்கு பேரில் யாருக்கும் கிடையாது. வீட்டுக்குக் காபி குடிக்க வருகிறவர்களுக்குத்தான் அது இருந்தது. அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அந்தக் கவலை பன்மடங்கு வளர்ந்துவிட்டது. ஏனென்றால் எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு வருவதும், வாசலில் அவர் காலைக் கழுவி உள்ளே கூட்டிப்போவதும் பெண்ணுடன் பிறந்தவன் செய்யவேண்டிய வேலை.

"எம்புள்ள செய்வான்" என்றாள் சுகுணா அத்தை. நைனாவின் தங்கை, நகரியில் வாழ்க்கைப்பட்டவள். சாஸ்திர சம்பிரதாயத்தில் சந்தேகம் வந்தால் அவளைத்தான் கேட்பார்கள். (கேட்காவிட்டாலும் சொல்வாள்.)

"எதுக்கு? நான் செய்யறேன்" என்றேன்.

"நீ பொண்ணுடி."

"அக்கா கூடப் பொறந்தவ நான்தானே? நைனா, நானே பாவாவ அழைச்சினு வர்றேன். நம்ம கார்ல, நானே ஓட்டினு வர்றேன்."

நைனா என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். "ஏன், ஆவாதா? லைசென்ஸ் வாங்கிட்டா இல்ல?" என்றார். எனக்கு அந்த நிமிடம் தரையில் கால் பாவவில்லை. இந்த வேலையை ஒரு சொட்டுக் குறை இல்லாமல் முடித்து, காபி குடிக்க வருகிற அத்தனை பேர் வாயையும் அடைத்துவிட வேண்டும் என்று சபதம் எடுத்துக்கொண்டேன்.

இப்போது மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தினகரன் பாவா (அக்கா புருஷனை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) கனகம்மாசத்திரத்துக்காரர். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கார் இன்ஜின்களை மணிக்கணக்கில் ஓடவிட்டுச் சோதிக்கும் பிரிவில் வேலை. நிச்சயதார்த்தத்தன்று கையில் கேசரித் தட்டை வைத்துக்கொண்டு, இன்ஜின் ஆயில் ஏன் கெட்டுப்போகிறது என்று நைனாவுக்கு விரிவாக வகுப்பெடுத்தார். நைனா தலையாட்டினார். பெரியப்பா தூங்கிவிட்டார். கேசரி கல்லாகிவிட்டது. திரும்பிப் போகிற வழியிலேயே அவருடைய அம்மா, "கல்யாணம் முடியற வரிக்கும் இன்ஜினப் பத்தி ஒரு வார்த்த பேசமாட்டேன்னு எந்தலைல அடிச்சி சத்தியம் பண்ணு" என்று சத்தியம் வாங்கிவிட்டாராம். இது எனக்குக் கல்யாணத்தன்று தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

கல்யாணம் வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமை. தாலி கட்டுவது மலைமேல் முருகன் சன்னிதியில், விருந்து கீழே மண்டபத்தில். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பித்துவிடும். அதற்குள் மாப்பிள்ளையை மலைக்குக் கொண்டுசேர்த்தாக வேண்டும். அக்காவும் நைனாவும் அம்மாவும் விடிந்ததுமே மேலே போய்விட்டார்கள்.

எங்கள் கார் நைனா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வெள்ளை நிறம், நல்ல குணம், ஒரே ஒரு கெட்ட பழக்கம். சாவியைத் திருப்பினால் சில நாள் உடனே எழுந்துகொள்ளும், சில நாள் இருமும், சில நாள் காதிலேயே போட்டுக்கொள்ளாது. அன்றைக்குப் பார்த்து முதல் திருப்பிலேயே எழுந்துகொண்டது. நான் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அந்த ஆனந்தத்தில்தான் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. இதை அணைத்தால்தானே மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும்? அணைக்கவே அணைக்காவிட்டால்? மாப்பிள்ளை மலைமேல் இறங்குகிற வரை ஓடவிட்டால்? இவ்வளவு சுலபமான வழி இத்தனை நாளாக யாருக்கும் தோன்றவில்லையே என்று பெருமையாக இருந்தது.

மண்டப வாசலில் வண்டியை நிறுத்தினேன். பூக்காரர் அலங்காரம் செய்ய வந்தார். பக்கத்தில் இரண்டு சரம், மேலே ஒரு மாலை என்று சிக்கனமாக ஆரம்பித்தார். எனக்குப் போதவில்லை. "முன்னாடி ஃபுல்லா மூடிடுங்கண்ணா! ஒரு பொட்டு எடம்கூடத் தெரியக்கூடாது!" என்றேன். அவர் சாமந்தியையும் ரோஜாவையும் மெத்தை போலக் கட்டி, வண்டியின் முகத்தை முழுசாக மூடி, அதன்மேல் அக்கா பேரையும் பாவா பேரையும் தெர்மாகோலில் வைத்தார். வண்டி மூச்சு விடுவதே அந்த முகத்தின் வழியாகத்தான் என்பது எனக்கு எங்கே தெரியும்? போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன்.

மாப்பிள்ளை அலங்காரம் முடிகிற மாதிரி இல்லை. ஒரு பக்கம் பவுடர், ஒரு பக்கம் வீடியோக்காரர். "சார், ஜன்னலோரமா நின்னு அக்காவ நெனச்சிப் பாருங்க" என்று அவரைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தார். நான் காரில் ஏசியை உச்சத்தில் வைத்து, நாதஸ்வரப் பாட்டைப் போட்டு, உள்ளே உட்கார்ந்திருந்தேன். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. பின்னால் பாவாவின் தாய்மாமா பட்டுவேட்டியில் நின்று செல்போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். அவர் நின்ற இடம் புகைக்குழாய்க்கு நேர் எதிர். வழி சொல்லி முடித்துத் திரும்பியபோது வேட்டியில் முழங்காலுக்குக் கீழே கரும்புள்ளி கரும்புள்ளியாக ஒரு புது பார்டர்.

"இன்னாம்மா இது, வண்டி எச்சி துப்புது?" என்றார்.

"புதுப்பொண்ணு மாதிரிங்க, கூச்சப்படுது" என்றேன். (என் வாய்க்கு அப்போது பூட்டு கிடையாது.)

ஒருவழியாக மாப்பிள்ளை வந்தார். சுகுணா அத்தை ஆரத்தி சுற்றி, பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழே வைத்தாள். வைத்தவள் ஒரு விரலை உயர்த்தி அறிவித்தாள்: "ஆரத்தி எடுத்த வண்டி கோயில் வாசல்லதான் நிக்கணும். நடுவுல ஆஃப் பண்ணக்கூடாது. அபசகுனம்!"

எனக்கு அத்தையைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது. என் திட்டத்துக்குச் சாஸ்திரமே கையெழுத்துப் போட்டுவிட்டதே!

முன்சீட்டில் அத்தை, மடியில் கால் கழுவும் தண்ணீர் நிரம்பிய பித்தளைச் செம்பு. பின்சீட்டில் மாலையும் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டுமாகப் பாவா, பக்கத்தில் அவர் அம்மா, எங்கள் சம்பந்தியம்மா. பாவா உட்கார்ந்ததும் தலையைச் சாய்த்து, டாக்டர் நெஞ்சைக் கேட்கிற மாதிரி இன்ஜின் சத்தத்தைக் கேட்டார்.

"திவ்யா, வண்டி எப்பத்திலேந்து ஓடிகினு கீது?"

"காத்தாலேந்து பாவா! உங்களுக்காகத்தான். உள்ள ஜில்லுனு கீது இல்ல?"

அவர் வாயைத் திறந்தார். சம்பந்தியம்மா இருமினார். அவர் வாயை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை வெட்கப்படுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மலையடிவாரம் வரை ராஜபவனிதான். அங்கே போனதும் நின்றுவிட்டோம். முகூர்த்த நாள், அதிலும் வெள்ளிக்கிழமை. திருத்தணியில் அன்றைக்கு எத்தனை கல்யாணமோ, அத்தனையும் அந்த ஒரே மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தது. மேலே வளைவில் இறங்குகிற பஸ் ஒன்றும் ஏறுகிற வேன் ஒன்றும் மூக்கோடு மூக்கு வைத்து நின்றுவிட்டனவாம். ஒரு பைக் கூட நுழைய முடியாதபடி அடைத்துக்கொண்டது. முன்னால் நின்ற கார்க்காரர்கள் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். நான் அவர்களைப் பரிதாபமாகப் பார்த்தேன். பாவம், ஆரத்தி எடுக்காத வண்டிகள்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு முள். பெட்ரோல் முள் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்து முள் ஏறிக்கொண்டிருந்தது. ஒன்று இறங்கினால் இன்னொன்று ஏறத்தானே வேண்டும் என்று நான் சமாதானம் ஆனேன். (நான் பி.காம். வரவும் செலவும் இரண்டு பக்கம் என்று படித்தவள்.) இன்ஜினுக்குள் யாரோ விக்கல் எடுப்பது போல வண்டி நின்ற இடத்திலேயே குலுங்கிக்கொண்டிருந்தது. ஏசியிலிருந்து ஜில் காற்று போய்ச் சாதாரணக் காற்று வந்து, பிறகு இட்லிக் குண்டானைத் திறந்தது போல வர ஆரம்பித்தது.

"ஒரு வாசன வர்லே?" என்றாள் அத்தை.

வந்தது. சாமந்திப்பூ வேகிற வாசனை. அதுவரை என் வாழ்நாளில் முகர்ந்ததில்லை. யாரும் முகர்ந்திருக்க மாட்டார்கள்.

கண்ணாடியில் பாவாவைப் பார்த்தேன். அவர் நெற்றியிலிருந்து பவுடர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். தொடை மேலே இருந்த விரல்கள் தாளம் போட்டன. கண் என் தோளுக்கு மேலாக அந்த ஏறுகிற முள்ளையே பார்த்தபடி இருந்தது. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பாவா வெடித்துவிட்டார்.

"ஹீட்டரப் போடு!"

"பாவா?"

"ஏசிய நிறுத்து! ஹீட்டரப் போடு! ஃபுல்லா வை! சீக்கிரம்!"

வைகாசி வெயிலில், பட்டுச்சட்டையும் மாலையுமாக உட்கார்ந்து ஹீட்டர் கேட்கிற மாப்பிள்ளை உலகத்திலேயே அவர் ஒருவர்தான். "ஐயோ, எம்புள்ளைக்குக் காத்து கருப்பு அடிச்சிருச்சே!" என்று சம்பந்தியம்மா அலறினார். அத்தை எலுமிச்சம்பழம் தேடினாள். நான் எதையோ திருகினேன். அனல் மூஞ்சியில் அடித்தது.

"இன்ஜின்ல இருக்கற சூட்ட இந்தப் பக்கமா இழுத்துக்கும்மா!" என்று பாவா கத்தினார். "இவ்ளோ நேரம் நின்ன எடத்துல ஓடவிட்டா காத்து எப்படிம்மா போவும்? வண்டி போனாதானே ரேடியேட்டருக்குக் காத்து! அதுல வேற மூஞ்சில மெத்தையக் கட்டி வெச்சிகீற! பிளக்கு பூரா கரி புடிச்சிருக்கும். ஆஃப் பண்ணு! மொதல்ல ஆஃப் பண்ணு!"

"ஆரத்தி எடுத்த வண்டி..." என்று அத்தை ஆரம்பித்தாள்.

வண்டியே அவளுக்குப் பதில் சொன்னது. ஒரு விக்கல், ஒரு உதறல், 'புஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு பெருமூச்சு. பூமெத்தையின் இடுக்கில் எல்லாம் வெள்ளையாக ஆவி கிளம்பியது. தெர்மாகோல் எழுத்துகளில் அக்கா பேர் மட்டும் உருகி வளைந்து கீழே விழுந்தது.

நான் அத்தை மடியிலிருந்த செம்பைப் பிடுங்கிக்கொண்டு குதித்தேன். பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீரை ஊற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். மூடியில் கை வைக்கப் போனேன். பின்னாலிருந்து ஒரு மாலை பறந்து வந்தது. மாலைக்குள் பாவா இருந்தார். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்த வேகத்தில் இருவரும் சாலையோரம் உட்கார்ந்தோம்.

"தொடாத! தொறந்தன்னா கொதிதண்ணி மூஞ்சில அடிக்கும்! ஆறட்டும்!"

"எவ்ளோ நேரம் பாவா?"

"அர மணியாவது ஆவும்."

அரை மணி! மேலே அக்கா காத்திருந்தாள். ராகுகாலமும் காத்திருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"முன்னாடியே சொல்லக்கூடாதா பாவா?"

"அம்மாகிட்ட சத்தியம் பண்ணிகீறேனே" என்றார் அவர், பரிதாபமாக.

நாங்கள் எல்லாரும் சம்பந்தியம்மாவைத் திரும்பிப் பார்த்தோம். அவர் எங்களைப் பார்க்காமல் மலையைப் பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "வாடா, படியேறிப் போலாம்" என்றார்.

அப்படித்தான் கிளம்பினோம். செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு மாப்பிள்ளை முன்னால் பட்டுவேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு படியில் தாவ, நான் செம்பில் மிச்சமிருந்த தண்ணீர் சிந்தாமல் பின்னால் ஓட, அத்தையும் சம்பந்தியம்மாவும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு "முருகா... முருகா..." என்று ஏறினார்கள். நடுப்படியில் மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் ஒரு கூட்டமாக உட்கார்ந்து இளைப்பாறிக்கொண்டிருந்தது. அந்தப் பட்டுவேட்டித் தாய்மாமாவும் அதில் இருந்தார்.

"இன்னாக்கா, மாப்ள நடந்து வர்றான்? பொண்ணு வீட்ல கார் இன்னா ஆச்சி?"

இதுதான் நான் நடுங்கிக்கொண்டிருந்த கேள்வி. இதற்கு உண்மையான பதில் சொன்னால் அந்தக் கூட்டம் கீழே மண்டபத்துக்குப் போகும் முன்பே, 'பொம்பளப் புள்ளகிட்ட வேலையக் குடுத்தா இப்படித்தான்' என்ற செய்தி அரக்கோணம் தாண்டிவிடும். நைனா தலைகுனிந்து நிற்பார்.

சம்பந்தியம்மா மூச்சு வாங்க நிமிர்ந்தார். "காருக்கு இன்னா? ஜம்முனு கீழ நிக்குது. எம்புள்ள கல்யாணத்தன்னிக்குப் படியேறி வர்றேன்னு முருகனுக்கு வேண்டிக்கினான். நான்தான் எறக்கிவுட்டேன். ஏன், நீங்கல்லாம் ஒக்காந்துகினு கீறீங்க?"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்து எங்கள் பின்னால் நடந்தது. யாரோ 'அரோகரா' போட்டார்கள். வீடியோக்காரர் எங்கிருந்தோ முளைத்து, "சார் சூப்பர், இன்னொரு வாட்டி அந்த அஞ்சு படி ஏறுங்க" என்றார். நான் சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மாவைப் பார்த்துத்தான் மாதக்கணக்காகப் பயந்துகொண்டிருந்தேன். அவர் என் கையை இறுக்கி, காதோடு காதாக, "வண்டி ஓட்டக் கத்துக்கினா போதுமா, நிறுத்தக் கத்துக்கோ" என்றார்.

மேலே போனபோது ஐயர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என் தலையைத்தான் முதலில் தேடினாள். மாப்பிள்ளையை அடுத்தபடியாகத்தான் பார்த்தாள். பவுடர் ஓடி, சட்டை ஒட்டி, மாலையில் பாதிப் பூ உதிர்ந்து நின்றவரைப் பார்த்து சன்னிதி என்றும் பாராமல் சிரித்துவிட்டாள்.

"பொண்ணுக்குக் கூடப் பொறந்தவா யாரு? கால் அலம்பணும், சீக்கிரம்!" என்றார் ஐயர்.

சுகுணா அத்தை தன் பிள்ளையைத் தேடிக் கழுத்தை நீட்டினாள். தினகரன் பாவா இரைக்க இரைக்க என்னைக் கை காட்டினார். "எம் மச்சான் இவதாங்க" என்றார்.

மற்ற கல்யாணங்களில் காலில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளிப்பார்கள், அவ்வளவுதான். நான் கழுவியது படிக்கட்டு மண்ணும் மஞ்சளும் குங்குமமும் கற்பூரக் கரியும் ஒட்டிய நிஜமான கால். ஒரு செம்பு போதாமல் இன்னொரு செம்பு வாங்கித் தேய்த்துக் கழுவினேன். பாவா கூச்சம் தாங்காமல் நெளிந்தார். நைனா பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். ராகுகாலத்துக்கு முன்னால் தாலி ஏறிவிட்டது. நான் தேம்பித் தேம்பி அழுதேன். எல்லாரும் அக்கா பிரிவு என்று நினைத்தார்கள்.

காரை மறுநாள் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, கேஸ்கெட் போயிருக்கிறது, பிளக் கரியாகியிருக்கிறது, தண்ணீர் ஒரு சொட்டுகூட இல்லை என்று அடுக்கினார். "இன்னாம்மா, திருப்பதி போயி நிக்காம திரும்பினியா?" என்று கேட்டார்.

"இல்லண்ணா. எங்கயுமே போவலை."

மெக்கானிக்குக்கு அது புரியவில்லை. நைனாவுக்குப் புரிந்தது. கடைக்குத் திரும்பும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார். இன்றைக்கும் நான் போனில் நெடுநேரம் பேசினால், சமையலறையில் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பப் புலம்பினால், பாவா எட்டிப்பார்த்து, "மச்சான், பூ வேகுது!" என்பார். வீடே சிரிக்கும். பாவாவின் பிள்ளைகள் என்னைச் சித்தி என்று கூப்பிடுவதில்லை, மாமா என்றுதான் கூப்பிடுகின்றன.

இது கூடப் பரவாயில்லை. இந்த வைகாசியில் பாவாவின் சித்தப்பா மகன் கார்த்திக்குக்குக் கல்யாணம், அதே மலையில். பெண் வீட்டார் புத்தம்புதுக் கார் அனுப்பியிருந்தார்கள். ரோடு காலியாகக் கிடந்தது. காரும் ஜில்லென்று அடிவாரம் வந்து சேர்ந்தது. அங்கே சம்பந்தியம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"எறங்குடா. நம்ம வீட்டு மாப்ள படியேறித்தான் போவணும். அது வழக்கம்."

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி, அவருக்கே அது நிஜமாகிவிட்டிருந்தது. பாவா என்னைப் பார்த்தார். நான் பாவாவைப் பார்த்தேன். கார்த்திக் பட்டுவேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வெயிலில் ஏற ஆரம்பித்தான். பாதிப் படியில் நின்று, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, இரைக்க இரைக்கக் கேட்டான்:

"அக்கா... இந்த வழக்கம்... எத்தினி தலமொறையா கீது?"

பாவா சட்டென்று திரும்பிக் கோபுரத்தைக் கும்பிட ஆரம்பித்தார்.

"ரொம்ப காலமா கீதுப்பா" என்றேன். "பேசாத, ஏறு. மூச்சு வாங்கும்."